பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு என்ன அவசரம்?

கேள்வி: அரசு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்று சென்ற இதழில் கோபமாக எழுதியிருந்தீர்கள். அவசரப்படுத்தினால் தப்பும் தவறுமாக எழுதிவிட மாட்டார்களா? எப்படியும் போன உயிர் திரும்பி வரப்போவதில்லையே?

பதில்: போன உயிர் வராது, சரி. வீட்டில் மிச்சமிருக்கும் உயிர்கள்? இருபது வயதுப் பையன் ஓடும்போது சுருண்டு விழுந்து இறக்கிறான். இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்தான் காரணம் என்று தெரிந்தால், அவன் தங்கைக்கு அந்த வாரமே எக்கோ எடுத்துப் பார்க்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தால், அந்த எட்டு மாதமும் தங்கை ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பாள்.

ஆய்வுக்கு உண்மையிலேயே நாள் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. உடலை அறுத்துப் பார்ப்பது சில மணி நேர வேலை. அப்புறம் திசுவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மூளையை முழுசாக ஆராய வேண்டுமென்றால், அது இரண்டு வாரம் ஃபார்மலினில் கிடந்து இறுகினால்தான் ஒழுங்காக வெட்ட வரும். ரத்தத்தில் விஷமோ போதைப்பொருளோ இருந்தால் அதை உறுதிசெய்யப் பல வாரம் ஆகலாம். இதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

நான் கேள்வி கேட்பது, எல்லா முடிவும் வந்து கோப்பில் சேர்ந்த பிறகு ஆகும் மாதங்களைப் பற்றி. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட வேண்டியவரோ காலையில் மூன்று உடல்களைப் பார்த்துவிட்டு மதியம் நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் நிற்கிறார். அவரைத் திட்டி என்ன பயன்? அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களின் அமைப்பான தேசிய மருத்துவப் பரிசோதகர்கள் சங்கம், ஒருவர் ஆண்டுக்கு 250 உடல்களுக்கு மேல் பார்க்கக்கூடாது என்கிறது. 325-ஐத் தாண்டினால் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. நூற்றுக்குத் தொண்ணூறு அறிக்கைகள் 90 நாளுக்குள் முடிய வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த அளவுகோல்தான். ஆய்வகம் எடுக்கும் நாளையும் சேர்த்தே மூன்று மாதம் போதும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள்.

தப்பு வரும் என்கிறீர்கள். கழுத்தில் கன்றிப்போன இடம் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று மறுநாள் எழுதுபவருக்குக் கண்ணிலேயே நிற்கும். ஆறு மாதத்தில் நூறு உடல்களைப் பார்த்துவிட்டு எழுதுபவருக்குக் கிறுக்கிவைத்த குறிப்பும் புகைப்படமும்தான் துணை. எதில் தப்பு வரும், நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவரின் இறப்புச் சான்றிதழில் காரணத்துக்கு எதிரே ‘நிலுவையில்’ என்று இருந்ததால், காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் திங்கள்தோறும் பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார். கடைசியில், போனை எடுத்தவர் இவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. குரல் பழகிவிட்டது. “இன்னும் வரலைம்மா.”

ஆள் போட அரசுக்கு நாளாகும், தெரியும். எந்தச் சோதனை பாக்கி, எந்த வாரம் முடியும் என்று குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுத எத்தனை நாளாகும்? பரம்பரை நோய் என்ற சந்தேகம் அறுத்த அன்றே வந்துவிட்டால், அன்று மாலையே கூப்பிட்டுச் சொல்ல எந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்?