தலையில் அடிபட்ட பிள்ளை தூங்கலாமா?

கேள்வி: என் 15 வயது மகன் நேற்று மாலை கால்பந்து விளையாடும்போது இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுந்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளை அதிர்ச்சிதான் (அடியில் மூளை குலுங்கியது) என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தூங்கவிடக் கூடாது என்று மாமியார் சொன்னதால், இரவெல்லாம் உலுக்கி எழுப்பிக்கொண்டே இருந்தேன். தலைவலிக்கிறது என்கிறான். அடுத்த சனிக்கிழமை பள்ளிப் போட்டியில் ஆடலாமா?
- ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: சகோதரி, முதலில் அவனைத் தூங்கவிடுங்கள். மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகு, தெளிவாகப் பேசி ஒழுங்காக நடக்கும் பிள்ளைக்குத் தூக்கம் கெடுதல் அல்ல; மூளை தேறுவதற்கு அது தேவை. உங்கள் மாமியாரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மண்டைக்குள் இரத்தம் கசிந்தால், அந்த மயக்கம் தூக்கம் போலவே தோன்றும். அதனால் இன்றிரவு அவன் அருகில் படுத்து, ஓரிரு முறை தொட்டு எழுப்பிப் பாருங்கள். கண் விழித்து, வழக்கம்போல் பதில் சொன்னால் போதும்.

எழுப்பியும் எழவில்லை, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள்.

வலிக்கு பெனடால் (பாராசிட்டமால்), வயதுக்குரிய அளவில் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டக்கூடும். வீக்கத்தில் கோடாலித் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காமல், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும், கைப்பேசியைக் குறைக்கட்டும். இருட்டறையில் அடைக்க வேண்டியதில்லை. வாசல்வரை மெல்ல நடக்கலாம்.

சனிக்கிழமைப் போட்டி வேண்டவே வேண்டாம். ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான் காட்டும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தொந்தரவுகள் முற்றிலும் நீங்கி, முழுநாள் பள்ளி சென்று பழகிய பிறகு, மருத்துவர் சம்மதத்துடன் படிப்படியாகத் திடலுக்குத் திரும்பலாம். சிலருக்கு அதற்கு நான்கு வாரமும் ஆகும்.

பயிற்றுநரிடம் நீங்களே இன்று பேசிவிடுங்கள். ஆட்டம் போய்விடுமே என்று மகன் தலைவலியை மறைக்கக்கூடும். கோபிக்காமல், தினமும் காலையில் அவனிடம் கேளுங்கள்.