ஊழியக்காரர் வீட்டில் கோபம் வரலாமா?

அன்புள்ள அக்கா,

என் கணவர் வேதாகம மொழிபெயர்ப்பு ஆலோசகர். ஜார்கண்ட் மலைப்பகுதியில் ஒரு சிறிய மொழிக்கு வேலை நடக்கிறது. வருஷத்தில் பல தடவை போகிறார், போனால் மூன்று வாரம். நான் பாளையங்கோட்டையில் டீச்சர். இரண்டு பிள்ளைகள், மாமியார், வீடு எல்லாம் என் தலையில். கோபமாக வருகிறது என்று சபையில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. "தேவனுடைய வேலைக்கு முறுமுறுக்கலாமா" என்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு படிக்கிற மகன், அப்பா வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான். என் விசுவாசம்தான் குறைவா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இல்லவே இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது விசுவாசக் குறைவு இல்லை, ஆள் குறைவு. எங்கள் வீட்டிலும் பல வருஷம் இதே வேலை நடந்ததால் தெரிந்துதான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள்: இந்தப் பயணம் சீக்கிரம் முடியாது. முதல் வரைவு எழுதி, ஊர் ஊராக வாசித்துக் காட்டி, அதுவரை அதைப் பார்க்காத ஒருவரை வைத்து இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ திருப்பி எழுத வைத்து, அப்புறம் ஆலோசகர் உட்கார்ந்து வசனம் வசனமாகக் கேள்வி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். புதிய ஏற்பாடு மட்டுமே பத்து வருஷத்துக்கு மேல் இழுப்பது சாதாரணம். "இந்த ஒரு புஸ்தகம் முடியட்டும்" என்று அவர் சொன்னால் மனதாரத்தான் சொல்வார், ஆனால் அதை நம்பி நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

நம் மிஷனரி கூட்டங்களில் ஆன் ஜட்சனைப் பற்றி ஆசையாகச் சொல்வார்கள். 1824-ல் கணவர் பர்மாவில் சிறையில் கிடந்தபோது, அவருடைய மொழிபெயர்ப்புக் கைப்பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றியவர். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் டாரதி கேரியைப் பற்றி எத்தனை பேர் சொல்கிறார்கள்? இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரியின் மனைவி. இந்தியாவுக்கு வர மாட்டேன் என்றவரை வற்புறுத்தி, கைக்குழந்தையோடு 1793-ல் கப்பலேற்றினார்கள். மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் கலங்கியது, 1807-ல் சாகும்வரை தெளியவே இல்லை. 1801-ல் கேரி மொழிபெயர்த்த வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததும் அதே வீட்டிலிருந்துதான். கேரி செய்த வேலை பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. டாரதி பட்ட பாட்டையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்கிறேன். முறுமுறுக்காதே என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, என்ன செய்யலாம்? பயணத் தேதியை அலுவலகத்துக்குச் சொல்லும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும், டிக்கெட் எடுத்த பிறகு "உனக்குச் சம்மதம்தானே" என்று கேட்பது சம்மதம் கேட்பது ஆகாது. கொரோனாவுக்குப் பிறகு சரிபார்ப்பில் ஒரு பகுதியை வீடியோ அழைப்பிலேயே செய்கிறார்கள். மலையில் சிக்னல் கிடைக்காவிட்டாலும், அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்து டவுனுக்கு வந்து உட்கார முடியுமா என்று அவர் கேட்டுப் பார்க்கலாம். நீங்களும் சபையில் வெறுமனே ஜெபக்குறிப்பு கொடுக்காதீர்கள். "வியாழக்கிழமை அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும்" என்று நாள் சொல்லிக் கேளுங்கள். ஜெபிக்கிறோம் என்று சொல்கிறவர்களில் நாலு பேராவது வண்டி வைத்திருப்பார்கள்.

அவர் திரும்பி வந்ததும் வருகிற முதல் வாரம்தான் ரொம்பக் கஷ்டம். போனதைவிட வந்ததுதான் சிரமம் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கும். அவர் இல்லாமல் நடக்கப் பழகின வீட்டுக்குள் வந்து, ஏன் இன்னும் தூங்குகிறான், ஏன் போனைப் பார்க்கிறான் என்று ஆரம்பித்தால் பையன் கதவைச் சாத்தத்தான் செய்வான். முதல் சில நாள் அவர் பிள்ளைகளை அதட்ட வேண்டாம், கணக்குக் கேட்க வேண்டாம். டியூஷனுக்குக் கொண்டு விடட்டும், கூட உட்கார்ந்து சாப்பிடட்டும், அவன் பேசுகிறபோது பேசட்டும்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். மார்ச்சில் பையனுக்குப் பொதுத்தேர்வு, அந்த மாதம் ஜார்கண்ட் பயணம் எதுவும் வேண்டாம் என்று இன்றைக்கே கேட்டு, காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா