கல்யாண முருங்கை, முருங்கைக்காய் மரத்தின் வகையா?

இல்லை, பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. முருங்கைக்காய் மரம் வேறு தாவரக் குடும்பம். முள்முருங்கை என்றும் சொல்லும் கல்யாண முருங்கையோ அவரைக் குடும்பத்து எரித்ரினா பேரினம். கிரேக்கத்தில் 'எரித்ரோஸ்' என்றால் சிவப்பு. வெப்ப நாடுகளில் இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

அடையாளம் சுலபம்: மும்மூன்றாக இலை, கிளையில் முள், இலை உதிர்ந்த கொம்பில் செக்கச்செவேலென்று பூ. தேன் குடிக்க வரும் பறவைகள்தான் மகரந்தம் சேர்க்கின்றன. போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும், அதனால் வேலிக்கும் மிளகுக்கொடி படரவும் நட்டார்கள். சளிக்கு இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவதும் வழக்கம். விதை மட்டும் நஞ்சு, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வருத்தம். 2004-இல் அறிவியல் பெயர் பெற்ற ஒரு சின்னக் குளவி, இலையையும் தண்டையும் முடிச்சு முடிச்சாக வீங்கவைத்துப் பல நாடுகளில் இம்மரங்களை அழித்தது. உங்கள் வேலியில் ஒன்று நின்றால் வெட்டிவிடாதீர்கள்.