கனடா பெரியப்பா திரும்பி வரலாமா?

கேள்வி: பெரியப்பாவுக்கு 71 வயது. ஒன்டாரியோவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார், சொந்த வீடும் உண்டு. கடைசிக் காலத்துக்கு ஹட்டன் பக்கம் வீடு கட்டி வந்துவிடப் போகிறாராம். "காசு சேர்த்தவங்கதான் திரும்பி வருவாங்க" என்கிறார் அம்மா. "அங்க முடியாமப் போனவங்கதான் வருவாங்க" என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, தங்கச்சி. நினைத்த தொகை சேர்ந்ததும் திரும்புகிறவர்களும் உண்டு, எதிர்பார்த்தது கிடைக்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் வயதானவர்கள் என்று வரும்போது, எவ்வளவு இருக்கிறது என்பதோடு அந்தக் காசு கூடவே வருமா என்றும் பார்க்க வேண்டும்.

கனடாவில் 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் வாழ்ந்தவருக்கு அங்கத்தைய முதியோர் ஓய்வூதியம் எந்த நாட்டில் இருந்தாலும் வரும், வேலை செய்து கட்டிய ஓய்வூதியமும் வரும். ஆனால் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கிற உதவித்தொகை, 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். அந்தக் காசை வைத்து இங்கே நிம்மதியாக வாழக்கூடிய ஏழை முதியவர்தான் அதனால் வர முடியாமல் அங்கேயே கிடக்கிறார், எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது. நல்ல வசதி உள்ளவருக்கு அந்தச் சிக்கல் இல்லை, பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று இருந்துகொள்வார். ஒன்டாரியோவின் இலவச வைத்தியத்துக்கு 12 மாதத்தில் 153 நாள் அங்கே இருந்தால் போதும்.

நடுவில் மாட்டுவது உங்கள் பெரியப்பா மாதிரி, சொத்தெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்தான். அதை விற்றால் திரும்பிப் போய் இருக்க இடமில்லை, பிள்ளைகளும் முகம் சுளிப்பார்கள். விற்றாலும் எல்லாவற்றையும் ரூபாயாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 350க்கு மேலே போனபோது, மாதாமாதம் வெளிநாட்டு ஓய்வூதியம் வந்தவர் தாக்குப்பிடித்தார், மொத்தத்தையும் இங்கே வங்கியில் போட்டு வைத்திருந்தவர் நொந்துபோனார்.

அப்புறம் காணி. கனடா கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே காணி வாங்க முடியாது. அதற்காக "தம்பி பேரில் எழுதலாம்" என்று கிளம்பினால் குடும்பமே இரண்டாகும். 55 வயது தாண்டியவர்களுக்கு இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி இருக்கிறது, முதலில் அதை எடுத்துவிட்டு, உறுதிப் பத்திரம் உள்ள காணியாகப் பார்த்து அவர் பேரிலேயே வாங்கட்டும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குச் சொந்தமான காணியில் கட்டவே வேண்டாம். படி அதிகம் ஏறாத இடமாகவும் இருக்கட்டும். டிக்கோயாவில் ஆஸ்பத்திரி இருக்கிறதுதான், ஆனால் பெரிய இருதயச் சத்திரசிகிச்சை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோதான் ஓட வேண்டும்.

கேள்வி: அம்மா தோட்டத்தில் வேலை செய்துவிட்டுப் பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். 54 வயதில் வெறும் கையோடு வந்திருக்கிறார். மறுபடி போகிறேன் என்கிறார்.
– வாசகர், பண்டாரவளை

பதில்: போக விட வேண்டாம், தம்பி. குவைத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது, நிரந்தரமாகத் தங்கவும் விடமாட்டார்கள், அவர்கள் திரும்பி வருவதற்கும் காசு சேர்ந்ததா இல்லையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தோட்டத்தில் சம்பளத்திலிருந்து பிடித்த ஊழியர் சேமலாப நிதியை எடுத்தாரா என்று கேளுங்கள். பெண்களுக்கு 50 வயதிலேயே எடுக்கலாம். அங்கத்தவர் இலக்கத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அம்மாவை நீங்களே கூட்டிப் போங்கள்.