சர்வோ பிரஸ்ஸா, ஹைட்ராலிக் பிரஸ்ஸா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 50 மி.மீ. ஆழமுள்ள எவர்சில்வர் கிண்ணங்களை 200 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தகட்டை அழுத்தி இழுத்து உருவாக்கி வருகிறோம். அதே 200 டன்னில் சர்வோ பிரஸ் வாங்கலாமா?

பதில்: டன் கணக்கு ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் விசையைத் தருவது எண்ணெயின் அழுத்தம் என்பதால், ஸ்ட்ரோக்கின் (பிரஸ் இறங்கும் தூரத்தின்) எந்த இடத்திலும் முழு விசை கிடைக்கும். வேகத்தை வேண்டியபடி மாற்றக்கூடிய சர்வோ மோட்டார் கிராங்கைச் சுற்றி இயக்கும் கிராங்க் வகை சர்வோ பிரஸ்ஸிலோ, பெயர்ப்பலகையில் உள்ள டன், மேலும் கீழும் நகரும் ஸ்லைடு அடிமட்டத்தை நெருங்கும் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் கிடைக்கும். ஸ்ட்ரோக் 200 மி.மீ., முழு விசை கிடைக்கும் இடம் அடிமட்டத்துக்கு 6 மி.மீ. மேலே என்று கொண்டால், பஞ்ச் (தகட்டை அழுத்தும் கருவி) தகட்டைத் தொடும் 50 மி.மீ. உயரத்தில் கிடைப்பது, கிராங்கையும் ஸ்லைடையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ 80 டன் மட்டுமே. விற்பவரிடம் விசை–ஸ்ட்ரோக் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இழுவிசை எந்த ஆழத்தில் உச்சம் தொடுகிறதோ அந்த இடத்தில் கிடைக்கும் விசை போதுமா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், ஆழமான இழுப்பும் குறைந்த எண்ணிக்கையும் உள்ள பட்டறைக்கு ஹைட்ராலிக்கே பொருந்தும்.

கேள்வி: சர்வோவில் ஃபிளைவீல் (சுழன்று ஆற்றலைத் தேக்கும் கனத்த சக்கரம்) இல்லையே, மெதுவாக ஓட்டினால் ஆற்றல் குறையாதா?

பதில்: குறையாது. ஃபிளைவீலின் வேகம் பாதியானால் அதில் தேங்கியுள்ள ஆற்றல் கால்பங்காகிவிடும்; சர்வோ மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு முறுக்குவிசை தரும். தகட்டைத் தொடும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, மற்ற நேரத்தில் விரைவாக ஓட்ட முடிவது இதனால்தான்.

கேள்வி: 2 மி.மீ. தகட்டில் 100 மி.மீ. வட்டங்களை 30 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வெட்டுகிறோம். குழாய் இணைப்புகள் அடிக்கடி கசிகின்றனவே, ஏன்?

பதில்: சுற்றளவு 314 மி.மீ., தகட்டின் வெட்டுவலிமை சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் என்றால் தேவைப்படும் விசை சுமார் 19 டன். ஆகவே டன் குறைபாடு காரணமன்று. தகடு அறுபடும் கணத்தில், இறுகியிருந்த எண்ணெயும் நீண்டிருந்த சட்டகமும் சட்டென விடுபடுவதால் எழும் அதிர்ச்சிதான் இணைப்புகளையும் சீல்களையும் தளர்த்துகிறது. பஞ்சின் முகத்தைச் சற்றுச் சாய்வாகத் தீட்டினால் அதிர்ச்சி தணியும். அதிர்வைத் தாங்கும் சிலிண்டர்களும் பொருத்தலாம். நாள் முழுவதும் வெட்டு வேலைதான் என்றால், அறுபடும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வல்ல சர்வோ பிரஸ்ஸுக்கு மாறுவதே நல்லது.

கேள்வி: ஹைட்ராலிக் பிரஸ்ஸின் மின்செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: வேலையில்லாத நேரத்திலும் பம்ப் சுற்றிக்கொண்டிருந்தால் மின்சாரம் வீணாகும், எண்ணெயும் சூடேறும். தேவைப்படும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டாரை அந்தப் பம்புடன் இணைப்பது, புதிய பிரஸ் வாங்குவதற்கு முன் விலை விசாரிக்க வேண்டிய வழி.