பட்டறை பதில்கள்: பழைய ஜீப்போட ஆக்சிலும் இன்ஜினும்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்காவாசி பழைய ஜீப்ப பத்தினது தான். மத்த வண்டிக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க தாத்தா ஓட்டின மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் வண்டி, தோப்பு ஷெட்டுல ரொம்ப வருஷமா நிக்குது. ஹேண்டில் போட்டா அசையவே மாட்டேங்குது, இன்ஜின் ஜாம். இங்க ஒரு மெக்கானிக் அத எடைக்கு போட்டுட்டு டீசல் இன்ஜின் வச்சுக்கோங்கறார். பெயிண்டர் வேற அட்வான்ஸ் கேக்கறார். எதுலேந்து ஆரம்பிக்கிறது?
பாகூர் வாசகர்

பதில்: தம்பி, முதல்ல அந்த பெயிண்டருக்கு காசு குடுக்காதீங்க. பெயிண்ட் கடைசி வேலை. பளபளன்னு பச்சை அடிச்சு, பம்பர்ல கயிறு சுத்தி, கல்யாண போட்டோவுக்கு மட்டும் நிக்கிற ஜீப் நம்ம பக்கத்துல நிறைய இருக்கு, உங்களோடதும் அதுல ஒண்ணா ஆகணுமா?

இப்ப இன்ஜின். உங்க வண்டில இருக்கிறது அமெரிக்கா வில்லிஸ் கம்பெனிக்காரன் டிசைன் பண்ண ஹரிக்கேன் இன்ஜின், 134 கன இன்ச், நம்ம கணக்குல 2.2 லிட்டர். இதுக்கு முன்னாடி யுத்த காலத்து ஜீப்புல காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வு, புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் பிளாக்குலயே பக்கவாட்டுல இருக்கும், 60 குதிரை சக்தி. ஹரிக்கேன்ல இன்டேக் வால்வ ஹெட்டுக்கு தூக்கிட்டு எக்ஸாஸ்ட்ட பிளாக்குலயே விட்டுட்டாங்க, சக்தி 70க்கு மேல ஏறிச்சு, ஆனா இன்ஜின் உசரமாயிடுச்சு. 1953ல 3பி வந்தப்போ பானெட்ட தூக்கி வச்சதே இத உள்ள நுழைக்கத்தான். அதனால இந்த இன்ஜின எடுத்துட்டா அந்த உசந்த பானெட்டுக்கே அர்த்தம் இல்லாம போயிடும், என் கருத்து இது.

ஜாம்னு சொன்னதுமே பிஸ்டன் உருகிடுச்சுன்னு நினைக்க வேணாம். நிறுத்தி வச்ச வண்டில ஏதாவது ஒரு சிலிண்டர்ல வால்வு தொறந்த நிலைல நின்னுருக்கும், அது வழியா கடக்காத்து ஈரம் உள்ள போய் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவத்தோட துருப்பிடிச்சு ஒட்டிக்கும், மத்த மூணு சிலிண்டர் நல்லாவே இருக்கும். நாலு பிளக்கையும் கழட்டிட்டு டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து ஒவ்வொண்ணுலயும் ஊத்தி ஊற விடுங்க, குறைஞ்சா திரும்ப ஊத்துங்க, அவசரமே வேணாம். கூடவே மேல வால்வு கவரையும் சைடு கவரையும் தொறந்து வால்வு எல்லாம் கைடுல, அதாவது அதோட குழாய்ல, ஏறி இறங்குதான்னு பாருங்க, இன்டேக் வால்வு கைடுல ஒட்டியிருக்கறப்போ பலமா சுத்தினா புஷ்ராடு வளைஞ்சிடும். அப்புறம் முன்னாடி கிராங்க் நட்டுல நீள கம்பி போட்டு முன்ன கொஞ்சம் பின்ன கொஞ்சம்னு ஆட்டிப்பாருங்க. கியர்ல போட்டு டிராக்டர்ல கட்டி இழுக்கலாம்னு எவனாவது வருவான், வாசலோட அனுப்பிடுங்க. ரிங்கு ஒடஞ்சு சிலிண்டர்ல கோடு இழுத்துடும், அப்புறம் ஊற வச்சதெல்லாம் வீண்.

சுத்த ஆரம்பிச்சதும் சந்தோஷத்துல பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணாதீங்க. பழைய ஆயில வடிச்சு, சம்ப, அதாவது இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டிய, கழட்டி அடில இருக்கற சேற வழிச்சு, புது ஆயில் ஊத்தி, அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்ல ஏறுற அழுத்தம், பாருங்க. கம்மியா வந்தா அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க: ஏறினா ரிங்கு, ஏறலன்னா வால்வு. இந்த ஒரு சோதனைய பண்ணாமலே "ஃபுல் வேலை"ன்னு பில்லு போடறவங்க உண்டு.

பிரிச்சே ஆகணும்னு முடிவானா போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், ஒரிஜினல் 3.125 இன்ச், மில்லிமீட்டர்ல 79.4. லேத்துல போர் கேஜ் வச்சு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, குறுக்கயும் நெடுக்கயும் அளக்க சொல்லி எழுதி வாங்கிக்கோங்க. தேய்மானம் எப்பவும் மேல தான் அதிகமா இருக்கும். அடுத்தது முக்கியம்: ஓவர்சைஸ் பிஸ்டன கைல வாங்கின அப்புறம் தான் பிளாக்க போரிங்குக்கு குடுக்கணும், ஏன்னா பிஸ்டன் அளவுக்கு தான் போர வெட்டணும், வெட்டிட்டு பிஸ்டன் தேடி சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைங்கள்ல அலையக்கூடாது. கிராங்க்கும் அப்படித்தான், மைக்ரோமீட்டர் வச்சு அளந்த பிறகு பேரிங் சைஸ் சொல்லுங்க. எல்லாம் மாட்டின பிறகு வால்வு கேப் குளிர்ந்த இன்ஜின்ல இன்டேக் 0.018, எக்ஸாஸ்ட் 0.016 இன்ச். பிளக் ஒயர் மாட்டற வரிசை 1-3-4-2.

இன்னொண்ணு, பிளாக்க கழுவறப்போ பக்கத்துல தண்ணி ஓட்டைய அடைச்சிருக்கற வட்ட தகடுங்கள (ஸ்பார்க் பிளக் இல்ல) தட்டி எடுத்து தண்ணி ஜாக்கெட்ட கம்பி விட்டு குடைய சொல்லுங்க. நம்ம ஊர் போர்வெல் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி நாலாவது சிலிண்டர் பக்கம் உப்பும் துருவும் களிமண் மாதிரி கெட்டியா இருக்கும், ஹீட் ஆகுதுன்னு ரேடியேட்டர மாத்திக்கிட்டே இருப்பாங்க, வியாதி பிளாக்குக்குள்ள இருக்கும்.

கேள்வி: சார், ஃபெஞ்சல் புயல் அப்போ தென்பெண்ணை தண்ணி வந்து ஜீப் ஹப் முழுக்க முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் ஆச்சு, ஓட்டிட்டும் இருந்தேன். இப்ப பின்னாடி ஊளையிடற மாதிரி சத்தம், ஆக்சிலரேட்டர் குடுத்தா தான் வருது, விட்டா இல்ல. கிரவுன் பினியன் புதுசு போட்டுடவா?
குண்டு உப்பலவாடி வாசகர்

பதில்: 2024 டிசம்பர்ல முங்கின வண்டி ஆயில் மாத்தாமலே ஓடியிருக்கு, அப்படித்தானே? சூடா இருக்கற பின் ஆக்சில் ஹவுசிங் குளிர்ந்த தண்ணில முங்கினா உள்ள காத்து சுருங்கும், மூச்சு விடற பிரீதர் ஓட்டை வழியாவும் சீல் வழியாவும் தண்ணிய உறிஞ்சிக்கும். டிரெயின் பிளக்க லேசா தளர்த்துங்க, முதல்ல வர்றது தண்ணியா, இல்ல பால் காபி நிறத்துல ஆயிலான்னு தெரிஞ்சிடும்.

கிரவுன் பினியன்ங்கறது ஆக்சிலுக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரமும் அத சுத்தற சின்ன பல்சக்கரமும். புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பின் கவர கழட்டி பாருங்க, அதுக்கு ஒரு கேஸ்கெட் காசு தான் செலவு. கிரவுன்லயும் பினியன் தலைலயும் ஒரே நம்பர் பொறிச்சிருக்கும், ரெண்டும் ஜோடியா உரசி பழகினது. நம்பர் வேற வேறன்னா முன்னாடியே யாரோ கலந்து மாட்டிட்டாங்கன்னு அர்த்தம், அப்ப சத்தம் வெள்ளத்தால வந்தது மட்டும் இல்ல. பல்லு பளிங்கு மாதிரி இருந்து, பேரிங் உருளைல மட்டும் கறுப்பு கோடு கோடா, சின்ன குழியா இருந்துச்சுன்னா பேரிங் செட் போதும், பல்ல தொடாதீங்க. பினியன் பேரிங் லூசானா பினியன் முன்ன பின்ன நகரும், அப்ப பல்லு தப்பான இடத்துல உரசி நீங்க சொல்ற அதே ஊளை வரும்.

பேரிங் மாத்தினா சிம், அதாவது இடைவெளிய சரிபண்ற மெல்லிசு தகடு, வைக்கிற வேலை இருக்கு, இங்க தான் முக்கால்வாசி பட்டறை சறுக்குது. பழைய சிம்ம எங்கேந்து எடுத்தோமோ அங்கயே அளந்து தனித்தனியா கவர்ல போட்டு பேர் எழுதி வைக்கணும். மாட்டினதும் டயல் கேஜ் வச்சு பேக்லேஷ், அதாவது பல்லுக்கு பல்லு இருக்கற ஆட்டம், பாக்கணும், இந்த ஜீப் ஆக்சிலுக்கு 0.005லேந்து 0.007 இன்ச். அப்புறம் நாலஞ்சு பல்லுல கலர் தடவி சுத்தி உரசின தடத்த பாக்கணும், தடம் பல்லோட நடுவுல விழணும். உச்சில விழுந்தா பினியன் தள்ளி நிக்குது, உள்ள கொண்டு வரணும், வேர்ல விழுந்தா ரொம்ப உள்ள போயிடுச்சு. "கைல ஆட்டி பாத்தேன் சார், கரெக்டா இருக்கு"ன்னு சொல்றவர்கிட்ட ஹவுசிங்க திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.

பின் ஹப் கழட்டறப்போ புல்லர் போட்டு தான் எடுக்கணும். கூம்பா இருக்கற ஷாஃப்ட்ல சாவி போட்டு இறுக்கின ஹப் அது, சுத்தில அடிச்சா டிரம் கோணிக்கும், அடி ஷாஃப்ட் வழியா உள்ள பேரிங்குக்கும் போகும். திரும்ப மாட்டறப்போ நட்டு 150 அடி-பவுண்டுக்கு குறையக்கூடாது, டார்க் ரெஞ்ச் இல்லாதவன் கைல குடுக்காதீங்க. வேலையோட வேலையா பிரீதர்ல ஒரு ரப்பர் டியூப் மாட்டி பாடி உசரத்துக்கு ஏத்தி விட்டுடுங்க, அடுத்த புயல் சொல்லிட்டு வராது.

கேள்வி: ஏலத்துல எடுத்த ஜீப். நாப்பது, அம்பது போனா ஸ்டீரிங் கைய விட்டு போற அளவுக்கு முன் வீல் உதறுது. பேலன்சிங், அலைன்மென்ட் பாத்தாச்சு, ஸ்டீரிங் டேம்பர் போடுங்கறாங்க.
நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: டேம்பர்ங்கறது உதறல அமுக்கற ஷாக் அப்சார்பர் மாதிரி, போட்டா நோய மறைக்கும், அவ்ளோதான். ஒருத்தர ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் லேசா ஆட்ட சொல்லிட்டு நீங்க கீழ படுத்து பாருங்க. முன்னாடி கிராஸ் மெம்பர்ல பெல் கிராங்க்னு ஒரு துண்டு இருக்கு, ஸ்டீரிங்லேந்து வர்ற கம்பி, அதாவது டிராக் லிங்க், குடுக்கற ஆட்டத்த ரெண்டு வீலுக்கும் போற டை ராடுங்களுக்கு பிரிச்சு குடுக்கறது அது தான், அதோட புஷ் தேஞ்சா மேலயும் கீழயும் ஆடும். பத்துக்கு ஆறு வண்டில குத்தவாளி அங்க தான் இருப்பான்.

அங்க சரியா இருந்தா, முன் வீல் திரும்பற அச்சுல இருக்கற கிங் பின் பேரிங்க பாருங்க. டை ராட கழட்டிட்டு, நக்கிள் (வீலோட சேந்து திரும்பற மூட்டு) ஃபெல்ட் சீலையும் எடுத்துட்டு, ஹார்பர்ல மீன் எடை போடற ஸ்பிரிங் தராசு இருக்குல்ல, அத நக்கிள் ஆர்ம் ஓட்டைல மாட்டி இழுங்க. 12லேந்து 16 பவுண்டு, அதாவது அஞ்சரைலேந்து ஏழு கிலோ இழுப்புல திரும்பணும். விரல்ல தள்ளினாலே திரும்புச்சுன்னா சிம் ஒண்ண எடுக்கணும், எடுத்தும் இறுகலன்னா பேரிங் போச்சு. அப்படியே நக்கிள் பந்து மேல துரு குழி இருக்கான்னு தடவி பாருங்க, இருந்தா எத்தனை சீல் மாத்தினாலும் ஆயில் டயர்ல ஒழுகத்தான் செய்யும், லேசான குழின்னா எமரி போட்டு வழவழப்பாக்கலாம், ஆழமா இருந்தா நிரப்பி தேய்க்கணும்.

கேள்வி: முந்திரி தோப்பு செம்மண்ல 4 வீல் போட்டா வண்டி கட்டிப்போட்ட மாதிரி இறுகுது, லீவர் வெளிய வரமாட்டேங்குது. பின் ஆக்சில் முன்னாடி ஓனர் மாத்தினது.
பண்ருட்டி வாசகர்

பதில்: கேள்வியோட கடைசி வரில பதில் இருக்கு. முன்ன பின்ன ஆக்சில் பல் விகிதம் வேற வேறன்னா 4 வீல்ல ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி இறுகும். முன் ஆக்சில் ஒரிஜினல்னா விகிதம் அனேகமா 5.38, அதாவது கிரவுன்ல 43 பல்லு, பினியன்ல 8. பின்னாடி 4.88 கிடக்கான்னு பாருங்க. கழட்டவே வேணாம்: நியூட்ரல்ல வச்சு, கட்டை குடுத்து, ஒரு வீல மட்டும் ஜாக்கில தூக்கி கையால ரெண்டு சுத்து சுத்துங்க, புரப்பெல்லர் ஷாஃப்ட்ல சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. அஞ்சே கால தாண்டினா 5.38, அஞ்சுக்கு கொஞ்சம் கம்மின்னா 4.88. முன்னாடியும் அதே மாதிரி எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா இல்லாதவரைக்கும் 4 வீல் லீவர தொடாதீங்க, முன் பின் ஆக்சிலுக்கு சக்திய பிரிச்சு குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு போயிடும். ரெண்டும் ஒண்ணா இருந்தா டயர் சைஸ் முன்ன பின்ன வேறயான்னு பாருங்க.

கேள்வி: விண்டேஜ் நம்பர் எடுத்தா என்ன லாபம்?
லாஸ்பேட்டை வாசகர்

பதில்: 2021ல வந்த விதிப்படி 50 வயசு தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இல்லாத வண்டிக்கு விஏ வரிசைல நம்பர் கிடைக்கும், புது பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும். ஆனா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, வேலை பாக்க, இதுக்கெல்லாம் மட்டும் தான். தோப்புக்கு போய் வர்ற வண்டின்னா சாதாரண ஆர்சிய புதுப்பிச்சு வச்சுக்கறது தான் புத்திசாலித்தனம். பாகூர் தம்பிக்கும் இது பொருந்தும்: டீசல் இன்ஜின் மாத்தினா விண்டேஜ் கதவு மூடிடும், சாதாரண ஆர்சிக்கும் ஆர்டிஓ அனுமதி வாங்காம மாத்தக்கூடாது.

கேள்வி: இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ஜீப்புக்கு ஆகுமா?
வில்லியனூர் வாசகர்

பதில்: ஓடும், ஆனா பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ராம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி நைஞ்சு போகும். எத்தனாலுக்கு தாங்கற ஹோஸ் கேட்டு வாங்கி மாத்திடுங்க. மாசக்கணக்குல நிறுத்தறதுன்னா கார்புரேட்டர காலி பண்ணிட்டு நிறுத்துங்க, எத்தனால் ஈரத்த இழுத்துக்கும், நம்ம கடக்கரைல அதுக்கு சொல்லவே வேணாம். ஹோஸ் மாத்தினதும் இன்ஜின் ஓடறப்போ டார்ச் அடிச்சு ஒவ்வொரு கிளிப்பா பாருங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துல சொட்டு விழுந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க.