மட்டிக்கு எடுத்த டெஸ்ட் நம் தட்டுக்குப் பொருந்துமா?

கேள்வி: என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. வாரத்தில் மூன்று நாள் மீன் சாப்பிடுவோம். நாங்கள் வசிக்கும் கடலோரத்தில் மட்டிகளைச் சோதித்ததில் 'லைசோசோம் பாதிப்பு, மெட்டலோதயோனின் உயர்வு' தெரிந்ததாகவும், கடல் மாசுபட்டிருப்பதைக் காட்டும் பயோமார்க்கர்கள் இவை என்றும் செய்தியில் படித்தோம். அன்றிலிருந்து வீட்டில் மீன் வாங்குவதில்லை. மீனை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? அவளுக்கு ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: மீனை நிறுத்த வேண்டாம். என்ன மீன் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்தச் செய்தியில் வந்த இரண்டு பெயர்களையும் பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அந்தப் பெயர்களால் வந்ததுதான்.

கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க எஸ்.ஜி.பி.டி. டெஸ்ட் எழுதிக் கொடுப்போம். அது உயர்ந்திருந்தால் கல்லீரல் செல்கள் அடி வாங்குகின்றன என்று அர்த்தம். அடித்தது மதுவா, வைரஸா, ஏதாவது மாத்திரையா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு வேறு டெஸ்ட்கள் வேண்டும். பயோமார்க்கர் என்பதும் இதே மாதிரி ஒன்றுதான், இங்கே நோயாளி மட்டி.

மட்டியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது இடம் மாறாது. ஒரே பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, வெளியே விடும். அந்த இடத்துத் தண்ணீரில் என்ன ஓடுகிறதோ அதெல்லாம் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. அமெரிக்கக் கடலோரங்களில் 1986 முதல் மட்டிகளையும் சிப்பிகளையும் வைத்தே மாசைக் கண்காணித்து வருகிறார்கள்.

லைசோசோம் என்பது செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சின்னப் பை. மட்டியின் ரத்தச் செல்களில் நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். நல்ல செல் சாயத்தை அந்தப் பைக்குள்ளேயே நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். நலிந்த செல்லில் சீக்கிரமே கசிந்துவிடும். மெட்டலோதயோனின் ஒரு புரதம். காட்மியம், செம்பு போன்ற உலோகங்கள் உள்ளே வந்தால் உடம்பு இதை அதிகமாகச் சுரந்து அவற்றைக் கட்டிப்போடும். ஆக, அது உயர்ந்திருக்கிறது என்றால் உலோகம் உள்ளே வந்திருக்கலாம், மட்டியும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

'வந்திருக்கலாம்' என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் கூடினாலும், தீனி குறைந்தாலும், இனப்பெருக்கக் காலம் வந்தாலும் இந்த அளவுகள் ஆடும். அதனால் சுத்தமான ஓரிடத்தில், அதே பருவத்தில், அதே அளவு மட்டிகளை எடுத்து ஒப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் தனி எண்ணை வைத்துப் பதறுவதில் பயனில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எண்ணெய்க் கழிவுபட்ட மீனின் கல்லீரலில் சில நொதிகள் உயரும், அதையும் பயோமார்க்கராக அளப்பார்கள். ஆனால் மாசு மிக அதிகமானால் அதே நொதி இறங்கிவிடும், ஏனென்றால் நொதி முடங்கியிருக்கும், அல்லது வேலை செய்யும் செல்லே செத்திருக்கும். கல்லீரல் சுருங்கி இறுகிப்போன, முற்றிய சிரோசிஸ் நோயாளிக்கு எஸ்.ஜி.பி.டி. நார்மலாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மீன்தான் ஞாபகம் வரும். அதனால்தான் நாலைந்து குறிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க கோலினெஸ்டரேஸ் அளவு. மருந்து தெளிக்கும் தொழிலாளிகளுக்கு நாங்கள் ரத்தத்தில் பார்ப்பதும் இதே நொதியைத்தான். சாக்கடை வழியாக ஹார்மோன் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஆண் மீனின் ரத்தத்தில் முட்டைக் கருவுக்கான புரதம் இருக்கிறதா என்ற சோதனை. ஆண் மீனில் அது இருக்கவே கூடாது.

இந்த முறையின் பெருமையைச் சொல்ல ஒரு நத்தைக் கதை போதும். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல் டின் கலந்த பெயின்ட் அடித்தார்கள். துறைமுகங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க ஆரம்பித்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த ரசாயனம் 1 நானோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) இருந்தாலே போதும், இது நடக்கும். பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்தது. உலக அளவிலான தடை ஒப்பந்தம் 2001-ல் உருவாகி, 2008-ல்தான் அமலுக்கு வந்தது. நத்தை சொன்னதைக் கேட்க மனிதனுக்கு அவ்வளவு காலம் ஆனது!

சரி, உங்கள் தட்டுக்கு வருவோம். கடல் உயிருக்கு ஏற்பட்ட பாதிப்பும், நாம் சாப்பிடும் சதையில் இருக்கும் நஞ்சின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எண்ணெயிலும் புகையிலும் உள்ள ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் வேகமாக உடைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். மீன் அடி வாங்கியிருக்கும், சதையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. மட்டிக்கு அந்தத் திறமை குறைவு, அதன் சதையிலேயே சேரும். மறுபக்கம், மாசே இல்லாத நடுக்கடலில் பிடித்த பெரிய சுறாவின் சதையில் பாதரசம் நிறைய இருக்கும். சிறு மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்று, படிப்படியாகச் சேர்ந்த பாதரசம் அது. உங்கள் ஊர் மட்டிகள் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தாலும் சுறாவின் கணக்கு மாறாது.

கர்ப்பிணிக்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்தப் பாதரசத்தைத்தான், அதுவும் மெத்தில் பாதரசம் என்ற வடிவத்தை. அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கூடுதலாகவே சேரும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 96 மைக்ரோகிராம் என்று வருகிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் உள்ள சுறாவில் 100 கிராம் சாப்பிட்டாலே அது முடிந்துவிடும். கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் மட்டுமே உள்ள மத்தி என்றால், அந்த வரம்பை எட்ட 4 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். யாரால் முடியும்?

அதனால் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைப் பிரசவம் ஆகி, பால் கொடுப்பதும் முடியும் வரை ஒதுக்கி வையுங்கள். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தாராளமாகச் சாப்பிடட்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு தேவை. பயத்தில் மீனையே விட்டுவிட்டால் இழப்பு அங்கேதான். அந்தக் கடலோரத்து மட்டி, சிப்பி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நண்டு, கணவாய் சாப்பிட்டால் உள்ளுறுப்புகளை எடுத்துவிடுங்கள், காட்மியம் சேர்வது பெரும்பாலும் அங்கேதான். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பாதரசம் போகாது, அது சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தோலையும் கொழுப்பையும் நீக்குவதால் பி.சி.பி. போன்ற, கொழுப்பில் கரையும் நஞ்சுகள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மீன்வளத் துறையிலோ உணவுப் பாதுகாப்புத் துறையிலோ விசாரிக்க முடிந்தால், 'சாப்பிடும் சதையில் பாதரசம், காட்மியம், ஈயம் எவ்வளவு இருந்தது?' என்று கேளுங்கள். பயோமார்க்கர் எச்சரித்த இடத்தில் அடுத்து செய்ய வேண்டிய சோதனை அதுதான்.

ரத்தப் பரிசோதனை? சிறு மீன்தான் சாப்பிட்டு வந்தார் என்றால் தேவையில்லை. கடந்த சில மாதங்களாகச் சுறா மாதிரி மீன்களை வாரா வாரம் சாப்பிட்டிருந்தால், ரத்தத்திலோ முடியிலோ பாதரசம் பார்க்கலாம். முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், அதனால் பழைய கணக்கும் அதில் பதிவாகியிருக்கும். அளவு சற்றுக் கூடியிருந்தாலும், அந்த மீனை நிறுத்தினால் ஏறக்குறைய 50 நாளில் ரத்தத்தில் பாதியாகிவிடும். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று யாராவது 'டீடாக்ஸ்' மருந்து தந்தால் கர்ப்ப காலத்தில் வாங்கவே வேண்டாம். ரிப்போர்ட்டை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.